ஃபேன் முதல் மிக்சி வரை: வீட்டு மோட்டார்கள் எப்படிச் சுழல்கின்றன, எது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது

சுவிட்சைப் போட்டதும் ஒரு ஃபேன் சுற்றாமல் முனகுகிறது. இறக்கையைக் கையால் லேசாகத் தள்ளிவிட்டால் சுற்றத் தொடங்கிவிடுகிறது. இன்னொரு நாள் மிக்சி நின்றுபோகிறது. அதில் முனகலும் இல்லை, அசைவும் இல்லை. இரண்டையும் பார்த்து "மோட்டார் போச்சு" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். ஆனால் இந்த இரண்டு மோட்டார்களும் சுழலும் விதமே வேறு. அதனால் பழுதாகும் விதமும் வேறு. ஃபேனில் அநேகமாகக் கெட்டிருப்பது கட்டைவிரல் அளவுள்ள ஒரு கெபாசிட்டர், அதாவது மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் சிறு பாகம். மிக்சியில் தேய்ந்திருப்பது ஒரு சிறு கார்பன் துண்டு.

பல வருடங்களுக்கு முன் நல்ல மோட்டார் உள்ள ஒரு ஃபேனை நான் பழைய இரும்புக்குப் போட்டேன். "காயில் கருகிவிட்டது" என்றார் பார்த்தவர், நானும் நம்பிவிட்டேன். தள்ளிவிட்டால் சுற்றுகிற மோட்டாரில் முக்கியக் காயில் (கம்பிச் சுருள்) கருகியிருக்க முடியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. மோட்டாரின் வகை தெரிந்தால் பாதிக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றியதுதான்.

தொடங்கும் முன்

எதைத் திறப்பதாக இருந்தாலும் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். சீலிங் ஃபேன் என்றால் மெயின் பிரேக்கரை இறக்குங்கள். கெபாசிட்டர்கள் மின்சாரம் போன பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். அதன் இரு முனைகளையும் சில ஆயிரம் ஓம் மின்தடை ஒன்றால் சில வினாடிகள் இணைத்து வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மைக்ரோவேவ் அவனின் வெளிக்கூட்டை மட்டும் கழற்றவே வேண்டாம். உள்ளே இருக்கும் உயர் மின்னழுத்தக் கெபாசிட்டர் ஆளைக் கொல்லும்.

படி 1: எல்லா மோட்டாருக்கும் பொதுவான இரண்டு விஷயங்கள்

1820இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் எர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் திசைகாட்டி முள் விலகுவதைக் கண்டார். மின்சாரம் ஓடினால் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது என்பது அதன் பொருள். அடுத்த ஆண்டே மைக்கேல் ஃபாரடே, காந்தத்தைச் சுற்றி ஒரு கம்பியைத் தொடர்ந்து சுழல வைத்துக் காட்டினார். இன்று நம் வீட்டில் சுழலும் எல்லாவற்றுக்கும் அதுதான் மூலம்: ஒரு காந்தப்புலம் இன்னொரு காந்தப்புலத்தைத் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது.

ஆனால் ஒரு முறை தள்ளினால் சுழற்சி வந்துவிடாது. இரண்டு காந்தங்கள் நேருக்கு நேர் வந்ததும் அப்படியே ஒட்டி நின்றுவிடும். அவை ஒட்டும் முன்பே ஒன்றின் திசையை மாற்றிக்கொண்டே இருந்தால்தான் சுற்றல் தொடரும். மாற்றுவது யார் என்பதில்தான் ஒவ்வொரு வகை மோட்டாரும் வேறுபடுகிறது. மிக்சியில், சுழலும் பாகத்தை உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் மாற்றுகிறது. ஃபேனில், இயல்பாகவே திசை மாறி மாறி வரும் ஏசி மின்சாரம் மாற்றுகிறது. பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேனில் ஒரு சர்க்யூட் போர்டு மாற்றுகிறது.

இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரியாது, ஆனால் மோட்டார் ஏன் கருகுகிறது என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது. சுழலும் மோட்டார் அதே நேரத்தில் ஒரு ஜெனரேட்டராகவும் வேலை செய்கிறது. தனக்கு வரும் மின்னழுத்தத்துக்கு எதிராக ஓர் அழுத்தத்தை அது உள்ளிருந்தே உண்டாக்கும். இதை எதிர் மின்னழுத்தம் என்போம். வேகமாகச் சுற்றச் சுற்ற இது கூடும், அதனால் மோட்டார் இழுக்கும் மின்சாரம் குறையும். மோட்டார் நின்றிருக்கும்போது இந்த எதிர்ப்பு சுத்தமாக இருக்காது. அப்போது மின்சாரம் வழக்கத்தைவிடப் பல மடங்கு பாயும். ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்பும் அந்தக் கணத்தில் விளக்கு லேசாக மங்குவது இதனால்தான். மின்சாரம் வந்தும் சுழல முடியாமல் மாட்டிக்கொண்ட மோட்டார்தான் சீக்கிரம் கருகும். ஆகவே, ஒரு கருவி முனகிக்கொண்டே நின்றால் உடனே அணையுங்கள். "கொஞ்ச நேரம் விட்டுப் பார்ப்போம்" என்று காத்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் காயில் போகும்.

படி 2: திறக்காமலே வகையைக் கண்டுபிடியுங்கள்

முதலில் காது. கிறீச்சென்று உரக்கக் கத்தி, அணைத்ததும் சுருதி இறங்கிக்கொண்டே போய் நின்றால் அது பிரஷ் உள்ள மோட்டார். மிக்சி, வேக்யூம் கிளீனர், துளையிடும் டிரில் எல்லாம் இப்படித்தான். தணிந்த ஒரே சீரான ரீங்காரம் கேட்டால் சாதாரண ஃபேனில் இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டார்.

அடுத்தது கை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்டையோ இறக்கையையோ மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இண்டக்‌ஷன் மோட்டார் வழுவழுவென்று, எங்கும் தட்டாமல் சுழலும். உள்ளே நிரந்தரக் காந்தம் இருக்கும் மோட்டாரில் படிக்கட்டில் இறங்குவது போல 'டக் டக்' என்று விட்டு விட்டு ஓர் இழுப்பு தெரியும். ஃபேன் சாதாரண வகையா பிஎல்டிசியா என்று பார்க்க எனக்குத் தெரிந்து இதைவிடச் சுலபமான வழி இல்லை. பிரஷ் மோட்டாரில் மெல்லிய உராய்வு ஒன்று தொடர்ந்து இருக்கும்.

கடைசியாக, கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டைப் படியுங்கள். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று போட்டிருந்தால் அந்த ஓர் எண்ணே பெரும்பாலும் போதும். 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 அலை கொண்ட, மின்சாரத்தில் இண்டக்‌ஷன் மோட்டார் எந்தக் காலத்திலும் 3000 சுற்றைத் தாண்டாது. 60 ஹெர்ட்ஸில் 3600 உச்சம். அதற்கு மேல் 10,000, 18,000 என்று இருந்தால் அது பிரஷ் மோட்டார், அல்லது எலக்ட்ரானிக் போர்டு ஓட்டும் மோட்டார்.

படி 3: இண்டக்‌ஷன் மோட்டார், அதாவது ஃபேனும் ஃப்ரிட்ஜும்

இதன் அழகு என்னவென்றால், சுழலும் பாகத்துக்கு ஒரு கம்பிகூடப் போகாது. வெளியே நிலையாக நிற்கும் ஸ்டேட்டரில்தான் காயில் சுற்றியிருக்கும். உள்ளே சுழலும் ரோட்டாரில் இரும்புத் தகடுகளும், அவற்றினூடே அலுமினியக் கம்பிகளும், இரு பக்கமும் அவற்றை இணைக்கும் வளையங்களும் மட்டுமே. அந்த அமைப்பை அணில் கூண்டு என்பார்கள். ஸ்டேட்டரில் உண்டாகும் காந்தப்புலம் வட்டமாகச் சுழலும்போது கூண்டுக் கம்பிகளில் மின்சாரம் தானாகத் தூண்டப்படுகிறது. அந்த மின்சாரம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்க, ரோட்டார் சுழலும் புலத்தைத் துரத்திக்கொண்டு ஓடும். கலிலியோ ஃபெராரிஸும் நிக்கோலா டெஸ்லாவும் தனித்தனியாக 1888இல் இந்தச் சுழல் காந்தப்புலத்தை உலகுக்குச் சொன்னார்கள்.

துரத்தும், ஆனால் எட்டிப் பிடிக்காது. பிடித்துவிட்டால் தூண்டலே நின்றுபோகும் அல்லவா? அதனால் ரோட்டார் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே ஓடும். புலத்தின் வேகத்தைக் கணக்கிட 120ஐ ஹெர்ட்ஸால் பெருக்கிக் காந்தத் துருவங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸில் 4 துருவ மோட்டாருக்கு 1500 சுற்று வரும். தகட்டில் 1440 போல ஒரு எண் இருக்கும். இடையில் உள்ள வித்தியாசம்தான் அந்தப் பின்தங்கல். சீலிங் ஃபேன் இவ்வளவு மெதுவாகச் சுற்றுவதும் இதே கணக்கில்தான். அதில் 14 துருவம் வைத்தால் புலத்தின் வேகம் சுமார் 428தான் வரும், இறக்கை அதற்கும் கீழே ஓடும். சீலிங் ஃபேனில் இன்னொரு விசேஷம், மோட்டார் உள்ளே வெளியே மாறியிருக்கும். நடுவில் நிற்பது ஸ்டேட்டர், இறக்கையோடு சேர்ந்து சுழலும் வெளிக்கூடுதான் ரோட்டார்.

சரி, கெபாசிட்டர் எதற்கு? வீட்டுக்கு வருவது ஒற்றை ஃபேஸ் மின்சாரம். அது ஒரு காயிலில் ஓடினால் காந்தப்புலம் முன்னும் பின்னும் துடிக்குமே தவிர, சுழலாது. எந்தப் பக்கம் போவது என்று ரோட்டாருக்குத் தெரியாமல் நின்ற இடத்திலேயே முனகும். அதனால் கோணம் தள்ளி இன்னொரு காயிலைச் சுற்றி, அதற்கு ஒரு கெபாசிட்டர் வழியாக மின்சாரம் கொடுக்கிறார்கள். கெபாசிட்டர் அந்த மின்சாரத்தின் நேரத்தை முன்னே தள்ளிவிடுகிறது. இரண்டு காயில்களும் ஒன்றன் பின் ஒன்றாக உச்சத்துக்கு வர, புலம் சுழலத் தொடங்கும்.

இப்போது அந்த முனகும் ஃபேனுக்கு வருவோம். கையால் தள்ளினால் சுற்றுகிறது, எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கமே சுற்றுகிறது என்றால் முக்கியக் காயில் நன்றாக இருக்கிறது. போயிருப்பது கெபாசிட்டர், அல்லது இரண்டாவது காயில். ஃபேன் சுற்றுகிறது ஆனால் முன்பு போல வேகம் இல்லை என்றாலும் முதலில் கெபாசிட்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். பல சீலிங் ஃபேன்களில் இது 2.5 மைக்ரோஃபேரட். மல்டிமீட்டரில் அளந்து, எழுதியிருப்பதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அதே மைக்ரோஃபேரட், அதே அல்லது அதைவிட அதிக வோல்ட். "பெரிசு போட்டால் வேகம் கூடும்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். கேட்காதீர்கள். இரண்டாவது காயிலில் மின்சாரம் கூடி, அது சூடாகிக் கெடும்.

கெபாசிட்டர் நன்றாக இருந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று ஒயர்களுக்கும் இடையே மின்தடையை அளந்து பாருங்கள். பொது முனையிலிருந்து ஒவ்வொரு காயிலுக்கும் ஓர் அளவு வரும். அந்த இரண்டையும் கூட்டினால் வருவதே மற்ற இரு முனைகளுக்கு இடையிலான அளவாக இருக்க வேண்டும். எங்காவது இணைப்பே இல்லை என்று காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. எந்த ஒயருக்கும் இரும்புக் கூட்டுக்கும் இடையே இணைப்பு காட்டினால் அதை ஓட்டவே கூடாது, தொட்டால் ஷாக் அடிக்கும்.

ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரின் உள்ளேயும் நெடுங்காலம் இதே குடும்பத்து மோட்டார்தான், சீல் வைத்த இரும்புக் கூட்டுக்குள். பல ஃப்ரிட்ஜ்களில் இரண்டாவது காயில் கிளம்பும்போது மட்டும் தேவைப்படும். அதை வெட்டிவிடுவது பிடிசி என்ற சிறு வில்லை. மின்சாரம் ஓடியதும் அது சூடாகி, மின்தடை பல மடங்கு ஏறி, காயிலுக்குப் போகும் மின்சாரத்தை ஏறக்குறைய நிறுத்திவிடும். ஒரு வினாடிக்குள் முடியும் வேலை. சில வினாடி முனகல், பிறகு 'டக்', சில நிமிடம் அமைதி, மறுபடி முனகல் என்று ஃப்ரிட்ஜ் திணறினால் முதலில் இந்த வில்லையைப் பாருங்கள். கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் அது உடைந்துவிட்டது.

மின்சாரம் போய் வந்ததும் ஃப்ரிட்ஜை உடனே போடாதீர்கள் என்று சொல்வதன் காரணமும் இங்கேதான். உள்ளே வாயுவின் அழுத்தம் சமமாகவும், அந்த வில்லை ஆறவும் சில நிமிடங்கள் வேண்டும். குறைந்த வோல்டேஜ் இன்னும் மோசம். இண்டக்‌ஷன் மோட்டாரின் முறுக்கு விசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட்டில் ஓட வேண்டிய மோட்டாருக்கு 160 கிடைத்தால் விசை பாதிக்கும் கீழே போய்விடும். கம்ப்ரஸர் சுழல முடியாமல் நிற்கும், நின்றால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

இந்தக் குடும்பத்தில் ஒரு கடைக்குட்டி உண்டு. சிறு எக்ஸாஸ்ட் ஃபேன்களிலும் சில சமையல் அவன்களின் குளிர்விப்பு ஃபேன்களிலும் கெபாசிட்டருக்குப் பதில் ஸ்டேட்டர் முனையின் ஓரத்தில் தடித்த செம்பு வளையம் ஒன்று பதித்திருக்கும். அந்த வளையம் காந்தப்புலத்தை அந்த ஓரத்தில் மட்டும் தாமதப்படுத்துவதால் புலம் ஒரு பக்கமாக நகரும். மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே வீணாகும், ஆனால் கெட்டுப்போக உள்ளே அதிகம் எதுவும் இல்லை. நின்றுபோனால் பெரும்பாலும் தண்டைத் தாங்கும் புஷ்ஷில் எண்ணெய் காய்ந்து தூசி இறுகியிருக்கும். துடைத்து இரண்டு சொட்டு மெல்லிய இயந்திர எண்ணெய் விட்டால் பிழைத்துக்கொள்ளும்.

படி 4: யுனிவர்சல் மோட்டார், அதாவது மிக்சியும் வேக்யூம் கிளீனரும்

இதில் சுழலும் பாகத்திலும் காயில் உண்டு. அதை ஆர்மேச்சர் என்கிறோம். சுழன்றுகொண்டே இருக்கும் காயிலுக்கு மின்சாரம் கொண்டுபோக, தண்டின் ஒரு முனையில் செம்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கியிருப்பார்கள். அது கம்யூட்டேட்டர். அதன் மேல் இரு பக்கமும் ஸ்பிரிங் தள்ள, கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே இருக்கும். ஆர்மேச்சர் சுழலச் சுழல பட்டைகள் மாறும், சரியான தருணத்தில் காயிலில் மின்சாரத்தின் திசையும் மாறும். ஆர்மேச்சரும் வெளிக்காயிலும் ஒரே வரிசையில் இணைந்திருப்பதால் ஏசியில் திசை புரளும்போது இரண்டும் சேர்ந்தே புரளும். தள்ளும் திசை மாறாது. ஏசி, டிசி இரண்டிலும் ஓடுவதால்தான் இந்தப் பெயர்.

ஹெர்ட்ஸ் கணக்குக்கு இது கட்டுப்படாது. அதனால் சின்ன உடம்பில் பெரிய சக்தி. பாரம் கூடினால் வேகம் இறங்கி, அதிக மின்சாரம் இழுத்து, அதிக விசையோடு தள்ளும். பாரம் குறைந்தால் வேகம் ஏறும். வேக்யூம் கிளீனரின் குழாய் அடைத்துக்கொண்டால் சத்தம் கீச்சென்று ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள். மோட்டார் திணறுகிறது என்று நினைப்போம். உண்மையில் அதற்கு வேலை குறைந்துவிட்டது. தள்ள வேண்டிய காற்று உள்ளே வருவதில்லை, அதனால் வேகம் ஏறுகிறது. ஆனால் பல வேக்யூம் கிளீனர்களில் மோட்டாரைக் குளிர்விப்பதே அந்தக் காற்றுதான் என்பதால் அப்படியே விட்டால் சூடேறிவிடும். மிக்சியில் கதை நேர்மாறு. பாரம் கூடி சத்தம் கனத்து இறங்கினால் அதுதான் ஆபத்தின் அடையாளம்.

மிக்சி திடீரென்று நின்றால் இந்த வரிசையில் பாருங்கள். அடியில் இருக்கும் ஓவர்லோடு பட்டன் வெளியே வந்திருக்கிறதா? சில நிமிடம் ஆறவிட்டு உள்ளே அழுத்துங்கள். அதிலும் ஓடவில்லையென்றால் கார்பன் பிரஷ்களைக் கழற்றுங்கள். புதிதில் இருந்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் அழுத்தம் சீராக இருக்காது. பிறகு கம்யூட்டேட்டர். வழவழப்பான பழுப்பு நிறம் நல்ல ஆரோக்கியம். ஒன்றிரண்டு பட்டைகள் மட்டும் கருகியிருந்தால் ஆர்மேச்சர் காயிலில் கோளாறு. வட்டம் முழுக்கப் பொறி சுற்றி ஓடுவது தெரிந்தாலும் அதே நோய்தான், பிரஷ் மாற்றித் தீராது. பிரஷ் முனையில் சின்னதாகப் பொறி பறப்பதும் லேசான ஓசோன் வாசனை வருவதும் இந்த மோட்டாரின் இயல்பு, பயப்பட வேண்டாம்.

படி 5: பிஎல்டிசி

பிரஷ் தேயும், பொறி பறக்கும், சத்தம் போடும். அந்த வேலையை டிரான்சிஸ்டர்களிடம் கொடுத்துவிட்டால்? அதுதான் பிஎல்டிசி. சுழலும் பக்கத்தில் நிரந்தரக் காந்தம், நிற்கும் பக்கத்தில் மூன்று தொகுதிக் காயில்கள். வரும் ஏசியைப் போர்டு டிசியாக்கி, காந்தம் எங்கே நிற்கிறது என்று காந்தத்தை உணரும் ஹால் சென்சார் மூலமாகவோ எதிர் மின்னழுத்தத்தை அளந்தோ தெரிந்துகொண்டு, அடுத்த காயிலுக்கு மின்சாரத்தை மாற்றும். காந்தத்துக்கு மின்சாரம் செலவில்லை, பின்தங்கல் இழப்பும் இல்லை. சாதாரண சீலிங் ஃபேன் 70 வாட்டுக்கு மேல் எடுக்கும் இடத்தில் இது 30 வாட்டை ஒட்டி முடித்துவிடும். இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் ஏசி, பெல்ட் இல்லாத வாஷிங் மெஷின் எல்லாவற்றிலும் இந்த இனம்தான்.

இந்த ஃபேனைச் சுவர் ரெகுலேட்டரில் இணைக்காதீர்கள். வேகத்தைப் பார்த்துக்கொள்வது அதன் போர்டு. ரெகுலேட்டர் கொடுக்கும் சிதைந்த மின்சாரத்தில் போர்டுதான் முதலில் போகும். இதில் கோளாறு என்றாலே பெரும்பாலும் போர்டில்தான், காயிலில் அரிது. பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோது சுற்றிப் பார்த்தால் பசையில் மாட்டியது போல இறுக்கமாக இருக்கிறதா? போர்டுக்குப் போகும் மூன்று ஒயர்களையும் கழற்றிவிட்டு மறுபடி சுற்றுங்கள். இறுக்கம் போய்விட்டால் போர்டில் ஷார்ட். அப்படியே இருந்தால் காயிலில் ஷார்ட், அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. மூன்று ஒயர்களில் எந்த இரண்டுக்கு இடையே அளந்தாலும் ஒரே மின்தடை வர வேண்டும்.

படி 6: சிறு மோட்டார்கள்

ஹேர் டிரையரிலும் டிரிம்மரிலும் இருப்பது நிரந்தரக் காந்தமும் பிரஷ்ஷும் கொண்ட சின்ன டிசி மோட்டார். பல ஹேர் டிரையர்களில் அதற்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. சூடாக்கும் கம்பியே மின்னழுத்தத்தைக் குறைத்து, நான்கு டயோடுகள் வழியாக மோட்டாருக்குக் கொடுக்கிறது. ஆகவே அந்த மோட்டாரைத் தனியே கழற்றி நேராக மெயினில் கொடுத்துச் சோதித்தால் அந்தக் கணமே போய்விடும்.

ஏசியின் காற்றுத் தடுப்புகளை அசைப்பது ஸ்டெப்பர் மோட்டார். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சிறு கோணம் நகரும். தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது, எண்ணிக்கைதான் கணக்கு. அதனால்தான் ஏசியைப் போட்டதும் தடுப்பு கடைசி வரை போய் முட்டிவிட்டுத் திரும்பி வருகிறது. அந்த முட்டும் சத்தம் கோளாறு அல்ல.

மைக்ரோவேவின் சுழல்தட்டுக்குக் கீழே இருப்பது சிங்க்ரோனஸ் மோட்டார். ரோட்டாரில் நிரந்தரக் காந்தம் இருப்பதால் பின்தங்காமல் ஹெர்ட்ஸோடு பூட்டு போட்டது போல ஓடும். அதன் மேல் 5/6 என்று இரண்டு வேகம் அச்சிட்டிருக்கும். 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 5 சுற்று, 60இல் 6. கிளம்பும்போது எந்தப் பக்கம் வாகாக அமைகிறதோ அந்தப் பக்கம் ஓடிவிடும். தட்டு ஒரு நாள் வலமாகவும் மறுநாள் இடமாகவும் சுற்றுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

படி 7: வாஷிங் மெஷினில் பழகிப் பாருங்கள்

இதுவரை பார்த்த பல வகைகளும் ஒரே பெட்டிக்குள் வருவதால் பயிற்சிக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. தண்ணீரை வடித்து, பிளக்கைப் பிடுங்கி, முன்பக்கம் கதவுள்ள மெஷினின் பின்பலகையைக் கழற்றுங்கள். டிரம்மை ஓட்டுவது பெல்ட்டா? பெல்ட்டின் மறுமுனையில் உள்ள மோட்டாரின் இரு பக்கமும் பிரஷ் பெட்டி தெரிந்தால் யுனிவர்சல். டிரம் ஓடவில்லை, ஆனால் மற்ற எல்லாம் வேலை செய்கிறது என்றால் அந்தப் பிரஷ்களை அளந்து பாருங்கள். பெல்ட்டே இல்லாமல் டிரம்மின் முதுகிலேயே பெரிய வட்டு ஒன்று இருந்தால் அது பிஎல்டிசி. டிரம்மைச் சுற்றினால் படிக்கட்டு இழுப்பு கைக்குத் தெரியும்.

அடுத்து, முன்பக்கம் கீழே ஃபில்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் தண்ணீர் வடிக்கும் பம்பின் இறக்கை தெரியும். பல மெஷின்களில் இதுவும் சிங்க்ரோனஸ்தான். எந்தப் பக்கம் கிளம்பும் என்று சொல்ல முடியாததால் இறக்கைகளை வளைக்காமல் நேராகவே செய்திருப்பார்கள். நாணயமோ ஊசியோ சிக்கியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டு, ஒரு குச்சியால் இறக்கையைத் தள்ளுங்கள். கொஞ்ச தூரம் தளர்வாக வரும், பிறகு 'டக்' என்று இழுத்துக்கொண்டு நிற்கும், மறுபடி தளர்வாக வரும். சீராகச் சுழலவில்லையே என்று பம்பை மாற்றிவிடாதீர்கள். உள்ளே காந்தம் பிடிப்பதும், கிளம்புவதற்கு வசதியாக இறக்கைக்கு விட்டிருக்கும் சிறு தளர்வும்தான் அது. இறக்கை துளியும் அசையாமல் நின்றாலோ, எந்த இழுப்பும் இல்லாமல் சும்மா சுற்றினாலோதான் பம்ப் போயிருக்கிறது.